6 எம்எம்ல வாட்டர்லூ: ஏழு வருஷம் ஓட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

நான் இருக்கிறது இங்கிலாந்துல, லீட்ஸ்ல. மேசைல குட்டிப் பொம்மைச் சிப்பாய்ங்களை நிறுத்தி பழைய போர்களை விளையாட்டா ஆடுறது என் பொழுதுபோக்கு. 2018 கடைசில இந்த 6 எம்எம் (பொம்மையோட உயரம்) பைத்தியம் புடிச்சுது, அதுக்கு முன்னாடி 28 எம்எம் பொம்மைங்க தான், பட்டன் வரைக்கும் பெயின்ட் அடிச்சு ஒரு பட்டாலியன் முடிக்க ரெண்டு மாசம் ஆகும், அப்படி கஷ்டப்பட்டு அடிச்சதை மேசைல வெச்சா ஆறே பட்டாலியன்ல மேசை நிறைஞ்சிரும், பக்கவாட்டுல சுத்திப் போக இடமே இருக்காது, ரெண்டு பேரும் கெடா முட்டுற மாதிரி நேரா முட்ட வேண்டியதுதான்.

மனசு மாறினது லண்டன் நேஷனல் ஆர்மி மியூசியத்துல. வில்லியம் சைபோர்ன்னு ஒரு ராணுவ ஆபீசர் பண்ணின வாட்டர்லூ சண்டையோட மாடல் (நெப்போலியனை வெலிங்டனோட பிரிட்டிஷ் கூட்டணிப் படையும் ப்ரஷ்யன் படையும் சேந்து தோக்கடிச்ச சண்டை) அங்க இருக்கு, 1838ல காட்சிக்கு வெச்சது, 70,000க்கு மேல குட்டிப் பொம்மைங்க, மனுஷன் அதுக்காகக் கடனாளி ஆகியிருக்காரு. அது முன்னாடி நின்னா ஒரு சிப்பாய் கூட தனியா கண்ணுல படமாட்டான், கோடு கோடா படை தான் தெரியும், நடுவுல நெறைய வெத்து நெலம் தெரியும். எனக்கு வேணும்னு தோணினது அந்த வெத்து நெலம்தான்.

கணக்கு போட்டுப் பாருங்க. அன்னைக்கு, 1815 ஜூன் 18, ரெண்டு படையும் நின்ன முன்வரிசை சுமார் 5 கிலோமீட்டர். என் மேசை ஆறடி. அப்போ ஒரு மில்லிமீட்டர் கிட்டத்தட்ட 2.73 மீட்டர். 6 எம்எம் ஆளே தரைக் கணக்குல 16 மீட்டர், பனைமரம் மாதிரி நிக்கிறான். 28 எம்எம் ஆளு 76 மீட்டர், தஞ்சாவூர் பெரிய கோயில் விமானமே அவனுக்குக் கீழதான். ஆனா நான் யூஸ் பண்ற 60 எம்எம் அகல பேஸ் (ஆளுங்களை ஒட்டி நிறுத்துற பலகை) தரைல 164 மீட்டர் வருது பாருங்க, ரெண்டு வரிசைல நிக்கிற 600 பேர் பிரிட்டிஷ் பட்டாலியன் அசல்லயும் ஏறக்குறைய அவ்ளோதான் நீளம். இது தற்செயலா அமைஞ்சதுதான், ஆனா கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

ஃபிகர்ஸ்ல பாதிக்கு மேல ஷெஃபீல்டு பேக்கஸ் கம்பெனி சரக்கு, நாலு நாலு பேரா ஒரே பட்டைல ஒட்டி வரும். ஒரு பேஸுக்கு 24 பேர், இப்போ என்கிட்ட 170 பேஸ் இருக்கு. பெயின்டிங் பத்தி எல்லாரும் பயப்படுறாங்க, ஆனா 28ஐ விட இதுதான் ஈசி, ஐஸ் குச்சில வரிசையா ஒட்டி, கறுப்பு ப்ரைமர் அடிச்சு, கோட்டு, பேன்ட், நெஞ்சுல குறுக்க வெள்ளை பெல்ட், மூஞ்சிக்கு ஒரு புள்ளி, முடிஞ்சுது. ஒரே விஷயம், கலரை அசலை விட நல்லா வெளிச்சமா எடுக்கணும். முதல்ல பிரெஞ்சு காலாட்படைக்கு சரியான கருநீலத்தைத் தேடித் தேடி அடிச்சேன், மூணடி தள்ளி நின்னு பாத்தா மொத்தமும் காக்கா கூட்டம். அதுல 30 பேஸ் திரும்ப அடிச்சேன்.

உண்மையான தொல்லை பேஸிங், அதாவது பேஸ் மேல தரை மாதிரி செய்யறது. பசை, மணல், வாஷ், புல்லுன்னு காயக் காய நாள் ஓடும், மெல்லிசு எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) பேஸ்ல தண்ணி கலந்த பசையைத் தாராளமா தடவினா அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும். இப்போ 3 எம்எம் தடிமன் தான் வாங்குறேன், அடில மேக்னட் ஷீட். பின்பக்கம் பேர் எழுதின லேபிள் கட்டாயம், இல்லேன்னா எந்தப் படைப்பிரிவு எதுன்னு அடிச்ச எனக்கே தெரியாது. ஈட்டிக் குதிரைப்படை ஈட்டி எல்லாம் ஒரு வருஷத்துல வளைஞ்சிருச்சு, இப்போ கம்பி வெட்டி ஒட்டுறேன், கண்ணு போச்சு. ஒரு கடைல வாங்கின பீரங்கி பேக்ல ஆளுங்களே இல்லாம வந்துச்சு, மூணு மெயில் போட்டும் பதில் இல்ல, அதை விடுங்க.

அப்புறம் வீடுங்க. வெலிங்டன் வரிசைக்கு முன்னாடி இருந்த லா ஹே சான்ட் பண்ணையை ஆளுங்க சைஸுக்குப் பொருத்தமா செஞ்சா ஏறக்குறைய ஒரு சாண் வந்துரும், தரைக் கணக்குல அரை கிலோமீட்டருக்கு மேல, வெலிங்டன் படையோட நடுப்பகுதி மொத்தமும் அந்த ஒரு பண்ணைக்குள்ள அடங்கிரும். அதனால 3 எம்எம் வீடுங்க தான் வைக்கிறேன். கதவு சிப்பாய் இடுப்புக்குத்தான் வருது, ஆடும்போது யாரும் கவனிக்கிறதில்ல.

ஆட்டம் எப்படி மாறுச்சுன்னு சொல்றேன். துணிக்குக் கீழ ஒன்றரை சென்டிமீட்டர் ஃபோம் வெச்சு மேடு போட்டா அதுக்குப் பின்னாடி நிக்கிற வெலிங்டன் படை, குனிஞ்சு மேசை மட்டத்துல கண்ணை வெச்சுப் பாத்தா நெசமாவே மறைஞ்சு போகுது, அந்தாளு ஏன் சரிவுக்குப் பின்னாடி நிக்க வெச்சான்னு அப்போதான் எனக்கு உறைச்சுது. போன வருஷம் நான் நெப்போலியன், ஃப்ரெண்டு வெலிங்டன். கார்டு படையை (நெப்போலியனோட தேர்ந்தெடுத்த சிறப்புப் படை) பின்னாடி ஒரு முழம் தள்ளி சும்மாவே வெச்சிருந்தேன், 28ல ரிசர்வ்னு ஒண்ணை வெச்சதே இல்ல, இடம் இருந்தாத்தானே. கிழக்கு ஓரத்துல ப்ரஷ்யன் படை வந்ததும் ப்ளான்ஸ்நுவா ஊருக்குப் பாதி கார்டை அனுப்ப வேண்டியதாச்சு, அசல்லயும் கார்டுல ஒரு பிரிவான இளங்கார்டு முதல்ல அங்கதான் போச்சு, எனக்கு முன்னாடி அடிக்கிறதுக்குக் கையில ஒண்ணும் மிஞ்சல. "மச்சான், லா ஹே சான்டையே இன்னும் புடிக்கலையே நீ"ன்னு டீயைக் குடிச்சுக்கிட்டே கேட்டான். ஆடினது காலைல பத்துல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும், ஹால் சாவியைக் கேட்டு ஆள் வந்து நின்னுட்டாரு.

குறைன்னு பாத்தா சதுர வியூகம். 24 பேரையும் ஒட்டியாச்சு, குதிரை வந்தா சதுரமா எப்படி நிப்பாட்டுறது? பேஸுக்குப் பின்னாடி ஒரு குட்டி மார்க்கர் வைக்கிறேன், பிரெஞ்சுத் தளபதி நே குதிரையா அனுப்பி அனுப்பி முட்ட வெச்ச அந்த சாயங்காலத்துக்கு அது ரொம்ப சப்புன்னு இருக்கு. வயசானவங்க பூதக்கண்ணாடி லைட் முதல்லயே வாங்கிருங்க, நான் நாலு வருஷம் கழிச்சு வாங்கினேன். ஒரே ஒரு ஃபிகரைக் கையில எடுத்து ரசிக்கிற ஆளுன்னா இது பக்கம் வராதீங்க, ஏமாந்துருவீங்க.

அடுத்து நெப்போலியனோட இன்னொரு பெரிய சண்டை லைப்சிக் ஆடணும்னு இருக்கு, 1813 அக்டோபர், அஞ்சு லட்சத்துக்கு மேல ஆளுங்க, நாலு நாள் சண்டை. ப்ரஷ்யன் லாண்ட்வேர் (மக்கள் படை) மட்டுமே இன்னும் 40 பேஸ் பாக்கி, தொப்பில வெள்ளைச் சிலுவை வேற வைக்கணும், இன்னைக்கு ராத்திரி எட்டு குச்சி ப்ரைமர் அடிச்சுக் காய வெச்சிருக்கேன்.