வீதி திறந்தது, முனை திறக்கவில்லை: ரொறன்ரோவின் குளிர்காலச் சேவை பற்றிய மதிப்பீடு

ரொறன்ரோ மாநகரசபை தன் குளிர்காலச் சேவை எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தானே எழுதி வெளியிட்டிருப்பதால், அதை மதிப்பிட வேறு அளவுகோல் தேட வேண்டியதில்லை. டொன் வெலி, கார்டினர் விரைவுச்சாலைகளில் 2.5 சென்ரிமீற்றர் பனி சேர்ந்ததும், பிரதான வீதிகளில் 5 சென்ரிமீற்றர் சேர்ந்ததும், குடியிருப்பு வீதிகளில் 8 சென்ரிமீற்றர் சேர்ந்ததும் பனி தள்ளும் வண்டிகள் இறங்க வேண்டும். நடைபாதைகளுக்கோ 2 சென்ரிமீற்றரே போதும். காகிதத்தில் பார்த்தால் நடந்து போகிறவருக்குத்தான் முதல் மரியாதை. நடைமுறையில் அது தலைகீழாக இருப்பதும், அந்தத் தலைகீழ் நிலை பாடசாலைகளைத் திறப்பதா மூடுவதா என்ற முடிவுவரை போய் முட்டுவதும்தான் இந்தச் சேவையில் நான் காணும் பெரிய குறை.

முதலில் நன்றாக நடப்பதைச் சொல்லிவிட வேண்டும். இரவில் ஐந்தாறு சென்ரிமீற்றர் கொட்டினால், விடிவதற்குள் பிரதான வீதிகள் கறுப்பாகத் தெரியத் தொடங்கிவிடும். பனி விழுமுன்னரே வீதியில் உப்புநீர் தெளிப்பது, விழத் தொடங்கியதும் உப்புத் தூவுவது, பிறகு தள்ளுவது என்ற ஒழுங்கு பெரும்பாலும் பிசகுவதில்லை. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 130,000 தொன் உப்பு இதற்குச் செலவாகிறது. சப்பாத்துகளும் காரின் அடிப்பாகமும் அதற்கு வேறொரு வரி செலுத்துகின்றன என்பது தனிக்கதை.

ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ வாசிகளுக்குக் கிடைக்கும் இன்னொரு வசதியைப் பழைய ரொறன்ரோ நகர்ப்பகுதியில் இருப்பவர்கள் பொறாமையோடுதான் பார்க்க வேண்டும். வீதியைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி ஒவ்வொரு வீட்டின் கார்ப்பாதை வாசலிலும் ஒரு வரம்பை விட்டுச் செல்கிறது. அது வானத்திலிருந்து விழுந்த பஞ்சுப் பனி அல்ல. உப்பும் மண்ணும் தண்ணீரும் கலந்து அழுத்தப்பட்ட பழுப்பு நிறக் கட்டி. ஒரு மணி நேரம் தாமதித்தால் சவள் உள்ளே இறங்காது. இதய நோய் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. புறநகர்ப் பகுதிகளில் அந்த வரம்பின் நடுவே ஒரு கார் நுழையும் அகலத்துக்கு மாநகரசபையே வழி திறந்து கொடுக்கிறது. நாட்டின் பல நகரங்களில் இல்லாத இந்தச் சேவைக்கு முழுப் புள்ளிகளையும் தயங்காமல் கொடுக்கலாம். நடைபாதையிலும் ஒரு முன்னேற்றம் உண்டு. பழைய நகர்ப்பகுதியில் வீட்டுக்காரர்களே 12 மணி நேரத்துக்குள் தங்கள் வாசல் நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டும் என்றிருந்த நிலை 2021-22 குளிர்காலத்தோடு மாறி, நகரம் முழுவதும் அந்தப் பொறுப்பை மாநகரசபை ஏற்றுக்கொண்டது.

சிக்கல் தொடங்குவது பனி முப்பது, நாற்பது சென்ரிமீற்றரைத் தாண்டும்போதுதான். பனியை ஓரத்துக்குத் தள்ளுவது ஒரு வேலை. அள்ளி ஏற்றி வேறிடத்தில் கொட்டுவது முற்றிலும் வேறொரு வேலை. ரொறன்ரோ முதல் வேலையில் கைதேர்ந்தது. இரண்டாவதை ஏதோ அபூர்வமாக வரும் விருந்தாளியைப் போலவே நடத்துகிறது. 2025 பெப்ரவரி நடுப்பகுதியில் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்த புயல்கள் சேர்ந்து 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டின. அதன் பின்னரும் குளிர் விடாததால் எதுவும் உருகவில்லை. வீதியில் இரண்டு தடங்கள் இருந்த இடத்தில் ஒன்றரைத் தடமே மிஞ்சியது. பனியை அள்ளும் பணி வாரக்கணக்கில் இழுபட்டது.

அந்த நாட்களில் ஒரு சந்தியின் முனையைக் கவனித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. நடைபாதை வண்டி தன் பங்குக்கு ஒழுங்காக வந்து போயிருக்கும். வீதி வண்டியும் தன் பங்கை முடித்திருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில், வீதியைக் கடக்க இறங்க வேண்டிய சரிவில், முழங்காலுக்கு மேல் இறுகிய ஒரு மேடு நிற்கும். இளைஞர் ஏறிக் குதித்துவிடுவார். நடைதாங்கியோடு வரும் அம்மம்மாவோ சக்கர நாற்காலியில் வருபவரோ குழந்தை வண்டி தள்ளும் தாயோ திரும்பி வீதியின் நடுவே இறங்கித்தான் நடக்க வேண்டும். பேருந்துத் தரிப்பிடங்களில் பேருந்தின் கதவு திறந்தால் எதிரே பனிச்சுவர். ஆவணத்தில் வீதியும் முடிந்தது, நடைபாதையும் முடிந்தது. இடையில் உள்ள அந்த ஒரு மீற்றர் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

இது பணப் பற்றாக்குறையால் வந்த குறை என்று சொல்லிவிட முடியாது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தங்கள், நீடிப்புக் காலத்தையும் சேர்த்துப் பத்து ஆண்டுகளுக்குச் சுமார் ஒன்றரை பில்லியன் டொலர் பெறுமதியானவை. வேலை நேரத்துக்குப் பதிலாக வேலையின் விளைவைப் பார்த்துப் பணம் கொடுப்பதே அவற்றின் அடிப்படை. அதற்கு முன்பு, 2020இல், மாநகரசபையின் கணக்காய்வாளர் நாயகம் பழைய ஒப்பந்தங்களை ஆராய்ந்து, வண்டிகளில் பொருத்தியிருந்த ஜிபிஎஸ் தரவை வைத்துச் சரிபார்ப்பது போதாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டியிருந்தார். ஆகவே புதிய ஏற்பாட்டில் கண்காணிப்பே முதுகெலும்பாக இருந்திருக்க வேண்டும். 2025இல் முறைப்பாடுகள் குவிந்து, மேயர் ஒலிவியா சௌ வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்து மீளாய்வு கேட்ட நிலை வந்ததென்றால், விளைவு என்று எதை எண்ணுகிறார்கள் என்பதிலேயே பிழை இருக்கிறது. வண்டி கடந்து போனதா என்பதை ஜிபிஎஸ் சொல்லும்; முனை திறந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது.

ரொறன்ரோவை விட அதிகம் பனி பெறும் மொன்றியல் இதில் வேறு கொள்கை வைத்திருக்கிறது. அங்கே பெரும் பனிக்குப் பிறகு வீதி வீதியாக முன்கூட்டியே அறிவித்து, நிற்கும் கார்களை இழுத்துச் சென்று, பனியை லொறிகளில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவது வழக்கமான பணி. அதற்கு ஆகும் செலவைக் கேட்டால் ரொறன்ரோவின் வரி செலுத்துநர் மயங்கி விழக்கூடும் என்பதால், அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் பெரும் புயலை அறிவித்தால் குறிப்பிட்ட வீதிகளில் 72 மணி நேரம் வாகனம் நிறுத்தத் தடை என்ற விதி இங்கும் உண்டு. அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தி, அந்த நேரத்திலாவது சந்திகளையும் தரிப்பிடங்களையும் பாடசாலைச் சுற்றுப்புறங்களையும் அள்ளி முடிக்கலாம். 1999 ஜனவரியில் மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தை அழைத்ததைச் சொல்லி நாட்டின் ஏனைய பகுதியினர் இன்றும் நம்மைக் கேலி செய்வார்கள்; அந்த மாதம் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டியதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

பாடசாலைகளை மூடும் முடிவு மாநகரசபையின் கையில் இல்லை. கனடாவிலேயே மிகப் பெரியதான ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபையும் கத்தோலிக்கப் பாடசாலைச் சபையும் தத்தம் முடிவைத் தாமே எடுக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான போக்குவரத்து அமைப்பு பாடசாலைப் பேருந்துகளை ஓட்டுவதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கிறது. எளிதில் மூடாதிருப்பதே மாவட்டச் சபையின் மரபு. 1999க்குப் பிறகு 2011 பெப்ரவரி 2, அதன் பிறகு 2019 பெப்ரவரி 12 என்று, மூடிய நாட்கள் மிக அரிதாகவே இருந்தன. இந்தக் கஞ்சத்தனத்தை நான் ஆதரிக்கிறேன். பெற்றோர் இருவரும் தொழிற்சாலையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்யும் குடும்பத்தில், மூடிய பாடசாலை என்பது ஒரு நாள் சம்பள இழப்பு. காலை உணவைப் பாடசாலையில் உண்ணும் பிள்ளைக்கு அது அதைவிடப் பெரிய இழப்பு.

குறை, பாதி திறந்த நாட்களில்தான் இருக்கிறது. பேருந்து இல்லை, ஆனால் பாடசாலை உண்டு, பிள்ளையை அனுப்புவது பெற்றோரின் விருப்பம் என்ற அறிவிப்பு, சபை எடுக்க வேண்டிய முடிவைச் சமையலறை மேசைக்கு மாற்றிவிடுகிறது. காலையில் ஓடாத பேருந்து மாலையிலும் ஓடாது என்பதைப் புதிதாக வந்த பெற்றோர் பலர் அறிந்திருப்பதில்லை. அறிவிப்பின் முதல் வரியில் இருக்க வேண்டிய செய்தி அது. மேலும், பேருந்துகளை ஓட்டாமல் நிறுத்துவது வீதியின் நிலையைப் பார்த்து எடுக்கப்படும் முடிவு. இந்த நகரத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நடந்தோ பொதுப் போக்குவரத்திலோ வருகிறார்கள். ஸ்காபரோவில் அம்மப்பாவின் கையைப் பிடித்து வருபவர்கள் ஏராளம். அவர்களுக்கு வேண்டியது நடைபாதையின் நிலை.

2022 ஜனவரி 17 இதற்கு நல்ல சான்று. பெருந்தொற்றால் இணையவழியில் இருந்த மாணவர்கள் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டிய நாளிலேயே புயல் வந்தது. இரு விரைவுச்சாலைகளும் மூடப்பட்டன, நூற்றுக்கணக்கான பேருந்துகள் சிக்கிக்கொண்டன, பாடசாலைகள் மூடப்பட்டன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பனி நின்ற பிறகும், மறுநாள் 18ஆம் திகதி மாவட்டச் சபை திறக்கவில்லை. நடைபாதையும் பாடசாலை வளவும் தரிப்பிடமும் தயாராகாத நகரத்தில் அது சரியான முடிவே. ஆனால் பாடசாலையைச் சுற்றிய நடைபாதைகளின் உண்மை நிலையை மாநகரசபை முந்திய மாலையே பாடசாலைவாரியாகச் சபைகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால், எல்லாவற்றையும் மூடாமல் திறக்கக்கூடியதைத் திறந்திருக்கலாம்.

நேரமும் முக்கியம். காலை ஆறு மணியளவில் வரும் அறிவிப்பு அலுவலகம் போகிறவருக்குப் போதும். ஆறு மணிக்கு வேலை தொடங்குபவர் அதற்கு முன்பே வீட்டை விட்டுப் போயிருப்பார். முந்திய இரவு ஒன்பது மணிக்குள் முடிவைச் சொன்னால் சில வேளை அது பிழையாகிவிடும். 2011இல் எச்சரித்த அளவு பனி கொட்டாமல் சபை கேலிக்குள்ளானதைப் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்படிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாள் வீணாகப் போனாலும் பரவாயில்லை, பிள்ளையை யாரிடம் விடுவதென்று இரவிலேயே பக்கத்து வீட்டாரிடம் கேட்டுவைக்கும் அவகாசம் கிடைத்தால் போதும் என்பவர்களில் நானும் ஒருவன்.