எலித் திசுவில் தன்னுண்ணல் புரதங்கள்: எலைசா கிட்டுகளுடன் எனது அனுபவம்

செல் தன் பழுதான பாகங்களைத் தானே சிதைத்துக்கொள்வதைத் தன்னுண்ணல் (ஆட்டோஃபேஜி) என்பார்கள். அதில் பங்குபெறும் பெக்லின்-1, பி62, எல்சி3 ஆகிய புரதங்களை, புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் எலிகளின் ஈரல், சிறுநீரகத் திசுக்களில் எலைசா கிட் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து நிறத்தால் அளக்கும் தொகுப்பு) வைத்துச் சில ஆண்டுகளாக அளந்து வருகிறேன். மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் போட என்னால் முடியாது.

பெக்லின்-1 கிட் எனக்கு முழுத் திருப்தி. டிஎம்பி என்ற நிறமூட்டும் கரைசல் விட்டதும் தட்டின் குழிகளில் நீலம் படிப்படியாக ஏறும். அமிலத்துளி விழுந்ததும் பளிச்சென்று மஞ்சளாகும். ஒரே மாதிரியை இட்ட இரண்டு குழிகள் 450 நானோமீட்டரில் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டுகின்றன. பி62 கிட்டும் அப்படித்தான். ஆனால் ஈரல் சாற்றை நன்கு நீர்க்கச் செய்யாவிட்டால் அளவு வளைகோட்டின் (அளவு தெரிந்த மாதிரிகளை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோட்டின்) உச்சியைத் தாண்டிவிடும்.

எல்சி3 விஷயம் வேறு. செல் திரவத்தில் இருக்கும் எல்சி3-1, கொழுப்புடன் பிணைந்து தன்னுண்ணல் பையின் (சிதைக்க வேண்டியதைச் சுற்றிக்கொள்ளும் பையின்) சவ்வில் ஒட்டும் எல்சி3-2 என இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. நமக்கு வேண்டியது இரண்டாவது. நான் பயன்படுத்திய கிட்டுகள் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தந்தன. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் அவை தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். எல்சி3-2 கூடியிருந்தாலும், தன்னுண்ணல் பெருகியதா, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைவு தடைபட்டதா என்பது அதை மட்டும் பார்த்தால் தெரியாது. கூடவே, தன்னுண்ணலில் சிதைய வேண்டிய பி62-உம் தேங்கியிருந்தால் தடை என்று சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய, லைசோசோமின் சிதைவைத் தடுக்கும் குளோரோகுயின் கொடுத்த ஒரு குழுவையும் ஒப்பிட வேண்டும்.

ஒரு விற்பனையாளர் தந்த கிட்டின் பெட்டியில் 'எலிக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருந்தது. அளவு வளைகோடு அழகாக வந்தது. ஆனால் அளவு தெரிந்த புரதத்தைத் திசுச் சாற்றில் கலந்து பார்த்தபோது, கலந்த அளவில் பாதிகூட அளவீட்டில் திரும்பக் கிடைக்கவில்லை. 80 முதல் 120 சதவீதம் வரை திரும்பினால்தான் நான் ஏற்பேன். கேட்டதற்கு மறுபடியும் அந்த வளைகோட்டையே அனுப்பினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. விலங்கு நெறிமுறைக் குழுவிடம் ஒவ்வொரு எலிக்கும் கணக்குச் சொல்லி, அதன் உயிரை எடுத்துப் பெற்ற திசு அது. அதை ஒரு வெற்றுத் தட்டில் கொட்ட எனக்கு மனம் வராது. அன்றிலிருந்து திசுச் சாற்றில் சோதித்த விவரம் இல்லாத கிட்டை வாங்குவதில்லை.

கடலோர ஊர் என்பதால் இன்னொன்று. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தட்டின் உறையை, அது அறை வெப்பநிலைக்கு வரும் முன் பிரித்தால் இங்குள்ள ஈரக்காற்று குழிகளில் வியர்த்துவிடும். கத்திரி வெயிலில் சென்னையிலிருந்து வரும் பார்சலை வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பினால் கூரியர் கிடங்கிலேயே ஞாயிறு கழிந்து, ஐஸ் ஜெல் உருகிவிடும். ஓர் ஆய்வுக்கு வேண்டிய தட்டுகள் அனைத்தையும் ஒரே லாட் (உற்பத்தித் தொகுதி) எண்ணில் வாங்குங்கள். லாட் மாறினால் அளவும் நகர்கிறது.

அடுத்த ஆர்டரில் பெக்லின்-1, பி62 கிட்டுகளை மீண்டும் வாங்குவேன். எல்சி3-க்கு மட்டும் நல்ல ஆன்டிபாடி வாங்கி, பிளாட் செய்யவே விரும்புகிறேன்.