மஞ்சக்குப்பம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: சத்தம் ஒன்று, அர்த்தம் வேறு

டிடிபி, ஃபிளெக்ஸ் வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். சாதாரண எழுத்துப்பிழை என்றால் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும், ஆனால் பேனா பென்சில் விற்கும் ‘ஸ்டேஷனரி’ கடைக்குப் போர்டு அடிக்கும்போது ஆர் எழுத்துக்கு முன்னால் ஈ போடாமல் ஏ போட்டுவிட்டால் எந்தக் கோடும் வராது. ஏ போட்டாலும் அது நல்ல இங்கிலீஷ் சொல்தான், அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது என்று அர்த்தம். நம் கடலூர்க் கடைவீதியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் இப்படி ஏ போட்ட போர்டுகள் கண்ணில் படும். கல்லூரிப் பிள்ளைகள் டைப் அடிக்கக் கொண்டுவரும் லெட்டரிலும் இதே கதைதான், ‘டு த பிரின்சிபல்’ என்பதன் கடைசியில் ஏ-எல் வர வேண்டிய இடத்தில் எல்-ஈ இருக்கும். எல்-ஈ போட்டால் கொள்கை, ஏ-எல் போட்டால் கல்லூரி முதல்வர். வங்கிக் கடனில் வட்டி போக மிச்சமிருக்கும் அசலுக்கும் ஏ-எல்தான்.

இதற்காகத்தான் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் சனி, ஞாயிறு நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மேடம் நடத்துகிறார். குறைகளையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. மாதக் கட்டணம் 1,200 ரூபாய். பேச்சுப் பயிற்சி, கிராமர் எல்லாம் மற்ற இடங்களில் இருப்பது போலத்தான். ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களுக்கென்று அவர் ஒதுக்கியிருக்கும் வகுப்புகள்தான் தனி, அதற்காகவே சேரலாம்.

பெரும்பாலான இடங்களில் ஒரு நீளப் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் பண்ணு என்பார்கள். இவர் போர்டின் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கிறார். இடது பக்கம், இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுபவர்களுக்கே ஒரே சத்தமாக வருகிற சொற்கள். வலது பக்கம், அவர்கள் வாயில் வேறு வேறாக இருந்து நம் வாயில் மட்டும் ஒன்றாகிவிடுகிற சொற்கள். முதல் வகையைக் கண்ணால் படிக்க வேண்டும், இரண்டாவது வகையை வாயால் பழக வேண்டும். இரண்டையும் கலந்து படிப்பதால்தான் நமக்கு எதுவும் நிற்பதில்லை என்கிறார், எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

வலது பக்கத்துக்கு உதாரணம் விலையும் பரிசும். இரண்டையும் நாம் ‘பிரைஸ்’ என்கிறோம். விலைக்கு நடுவில் சி, பரிசுக்கு இசட். அந்த இசட் சத்தத்துக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. மேடம் எல்லாரையும் தொண்டையில் இரண்டு விரலை வைக்கச் சொல்லி முதலில் பாம்பு மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ சொல்ல வைத்தார், விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அதே நாக்கு, அதே பல், குரலை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார், விரலுக்கடியில் குறுகுறுவென்று அதிர்ந்தது. “தம்பி, அந்த அதிர்வு இருந்தா பரிசு, இல்லன்னா விலை” என்று பக்கத்தில் இருந்த பையனிடம் சொன்னார். நாம் ‘அட்வைஸ்’ என்கிற அறிவுரை, அறிவுரை சொல்வது இரண்டுக்கும் இதே வித்தியாசம்தான். ‘லூஸ்’ என்பதிலும் தளர்வாக இருப்பதற்கு ஓ இரண்டு, தொலைப்பதற்கும் தோற்பதற்கும் ஓ ஒன்று, அந்த ஒற்றை ஓ சொல்லில்தான் அதிர்வு. நாம் ‘வெஸ்ட்’ என்றே சொல்லும் பனியனுக்கும் மேற்குத் திசைக்கும் விரல் வேண்டாம், மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டால் பனியன், உதடு குவிந்தால் மேற்கு.

இடது பக்கத்தில் அவர் காரணம் சொல்லித் தருவது ரொம்பப் பிடித்தது. குதிரைவீரனைக் குறிக்கும் ‘நைட்’ முன்னால் ஏன் ஒரு கே சும்மா நிற்கிறது? ஒரு காலத்தில் அந்தக் கே-யை உச்சரித்தார்கள், 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் அது பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் 1476-லேயே இங்கிலாந்துக்கு அச்சகம் வந்துவிட்டதால் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக அப்படியே உறைந்துவிட்டது, வாய்தான் மாறிக்கொண்டே போனது. கடலும் பார்ப்பதும் ‘சீ’ என்று ஒன்றானதும், இறைச்சியும் சந்திப்பதும் ‘மீட்’ என்று ஒன்றானதும் அப்படித்தான், முன்பு அவற்றின் உயிரொலிகள் வேறு வேறு. ‘ஃபிளவர்’ என்று ஒலிக்கும் மாவும் பூவும் இன்னும் சுவாரசியம், அவை முதலில் ஒரே சொல். அரைத்த தானியத்தில் சிறந்த பகுதியை அதன் பூ என்றார்கள், எழுத்துப் பிரிந்தது பின்னால்தான்.

புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பத்திலிருந்து வருகிற ஒரு அக்கா பள்ளியில் பிரெஞ்சு படித்தவர். பச்சை, கண்ணாடி, புழு, ‘நோக்கி’ என்ற நான்குக்கும் பிரெஞ்சில் ஏறக்குறைய ‘வேர்’ என்ற ஒரே சத்தம்தான் என்று அவர் எழுதிக் காட்டியபோது மேடமே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டார். அந்த மாதிரி ஆசிரியர்கள் குறைவு.

இப்போது குறைகள். கொடுக்கிற ஜெராக்ஸ் தாள் ஏதோ பிரிட்டிஷ் பட்டியலிலிருந்து எடுத்தது. அதில் நீதிமன்றத்துக்கான ‘கோர்ட்’, ‘பிடித்தேன்’ என்பதற்கான ‘காட்’ இரண்டும் ஒரே ஒலி என்று இருக்கிறது. ஆர் சத்தத்தை விழுங்கிப் பேசும் லண்டன்காரர்களுக்கு அது உண்மை, ஆனால் ‘கோர்ட்’ என்று அழுத்திச் சொல்கிற நமக்கு அந்தக் குழப்பமே வராது. அதற்குப் போன நேரத்தை வலது பக்கப் பயிற்சிக்குக் கொடுத்திருக்கலாம். இதற்கு நேர்மாறாக, போனில் போட்டுக் காட்டும் ஆடியோ அமெரிக்க உச்சரிப்பு. அதில் எழுதுபவரான ‘ரைட்டர்’, வண்டி ஓட்டுபவரான ‘ரைடர்’ இரண்டும் ‘ரைடர்’ என்றே கேட்பதால் புதிதாக வந்தவர்கள் திணறிப்போகிறார்கள். ‘பிராக்டிஸ்’ என்பதில் பயிற்சி என்ற பெயர்ச்சொல்லுக்கு சி, வினைச்சொல்லுக்கு எஸ் என்று போர்டில் பிரிட்டிஷ் முறையை எழுதுகிறார், அமெரிக்காவில் இரண்டுக்கும் சி-தான் என்பதைக் கேட்டால் மட்டும் சொல்கிறார். வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை மாலை வகுப்பில் சேரச் சொல்லி நான் சிபாரிசு பண்ணமாட்டேன். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன், மூடினால் புழுக்கம், எஸ்ஸுக்கும் இசட்டுக்கும் வித்தியாசம் காதில் விழவே விழாது. ஞாயிறு காலை வகுப்பில் கூட்டமும் கம்மி, ஒவ்வொருவரையும் தனியாகச் சொல்ல வைத்துத் திருத்துகிறார். போர்டு எழுதுபவர்கள், டைப்பிங் சென்டர் வைத்திருப்பவர்கள், பிள்ளைகளுக்கு வீட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் அம்மாக்கள் தாராளமாகச் சேரலாம். நேர்முகத் தேர்வுக்காகச் சரளமாகப் பேச மட்டும் வேண்டுமென்றால் இங்கே வேகம் போதாது, வேறு இடம் பாருங்கள்.