ஆர்ஸ் மேஜிகா ஐந்தாம் பதிப்பு: சமமற்ற பாத்திரங்களும் ஒரே மேசையும்

மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் குழுக்களில், ஒருவருடைய பாத்திரமே எல்லாவற்றையும் செய்து முடிக்க, மற்றவர்கள் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் நிலையைப்போல் மனக்கசப்பை வளர்ப்பது வேறில்லை. பெரும்பாலான விளையாட்டுகள் எல்லாப் பாத்திரங்களையும் சம வலிமையுடையவையாக ஆக்கி இதைத் தீர்க்க முயல்கின்றன. அட்லஸ் கேம்ஸ் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட, ஆர்ஸ் மேஜிகா என்னும் பாத்திரமேற்பு விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு அந்த முயற்சியில் இறங்கவே இல்லை. மந்திரவாதிகள் மற்ற எவரையும்விட வலியவர்கள் என்பதை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டு, அந்த வலிமை எந்த ஆட்டக்காரரின் கைக்கு எப்போது வரும் என்பதையே அது ஒழுங்குபடுத்துகிறது.

கதை நிகழ்வது 1220-ஆம் ஆண்டையொட்டிய, தொன்மக் கதைகள் அனைத்தும் உண்மையாகிவிட்ட ஐரோப்பாவில். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு மந்திரவாதியும், மந்திரம் அறியாத ஆனால் தனித்திறன் கொண்ட ஒரு துணைவரும் உண்டு. காவலர், சமையல்காரர், குதிரைக்காரர் போன்ற 'கிராக்' எனப்படும் எளிய பாத்திரங்கள் குழுவுக்கே பொதுவானவை; தேவைப்படும்போது யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். இந்த வாரம் ஒருவர் மந்திரவாதியை வெளியே அழைத்துச் சென்றால், மற்றவர்கள் துணைவராகவோ காவலராகவோ உடன் செல்வார்கள். அடுத்த கதையில் முறை மாறும். கதையை நடத்தும் பொறுப்பும் இதேபோல் கைமாறலாம். பதினைந்து ஆண்டுப் பயிற்சியின் பயனாக திறன்களை வளர்க்கச் செலவிடும் 240 அனுபவப் புள்ளிகளையும், மொத்தம் 120 நிலை (மந்திரத்தின் கடினத்தைக் காட்டும் எண்) அளவுக்கு மந்திரங்களையும் பெற்று வரும் ஒருவருக்கு அருகே ஈட்டி பிடித்து நிற்கும் காவலர் எவ்வகையிலும் இணையாக மாட்டார். ஆனால் அந்தக் காவலரை ஆடுபவருக்கும் சொந்தமாக ஒரு மந்திரவாதி இருப்பதால், ஏற்றத்தாழ்வு பாத்திரங்களுக்கு இடையில் நின்றுவிடுகிறது. மனிதர்களுக்கு இடையில் வருவதில்லை.

விதிகளின் நுட்பம் இன்னும் ஆழமானது. மந்திர ஆற்றலோடு பிறந்தவரைக் கண்டால் சாதாரண மக்களுக்கும் விலங்குகளுக்கும் காரணம் தெரியாத அவநம்பிக்கை எழும் என்பதால், பிறருடன் பழகும்போது பகடை உருட்டிப் பார்க்கும் சோதனைகளில் மந்திரவாதிக்கு மூன்று புள்ளிகள் குறைகின்றன. தேவாலயங்களையும் நகரங்களையும் சூழ்ந்திருக்கும், 'தெய்விக ஆட்சி' எனப்படும் இறையாற்றல் மந்திரத்தின் வலுவையே பெரிதும் தளர்த்துகிறது. ஆகவே சந்தையில் விலை பேசவும், ஆயரின் மாளிகையில் செய்தி அறியவும் துணைவர் இன்றியமையாதவர் ஆகிறார். வலியவரை வெட்டிக் குறைக்காமல், அவர் போக முடியாத இடங்களை உலகத்திலேயே வைத்திருக்கும் இந்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். 1987-இல் இந்த விளையாட்டின் முதல் பதிப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோனதன் ட்வீட், 2000-இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற பாத்திரமேற்பு விளையாட்டின் மூன்றாம் பதிப்பின் வடிவமைப்பாளர்களிலும் ஒருவர். உயர்நிலைக்குச் சென்றதும் மந்திரவாதி போர்வீரரை வெகுதூரம் பின்தள்ளிவிடுகிறார் என்பது அந்தப் பதிப்பின்மேல் நெடுங்காலமாகச் சொல்லப்படும் குறை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

குறைகளும் கனமானவையே. ஆக்குதல், அழித்தல் போன்ற ஐந்து செயல்முறைகளையும் நெருப்பு, உடல் போன்ற பத்துப் பொருள்வகைகளையும் இணைத்து, அந்த இடத்திலேயே புதிய மந்திரம் புனையலாம் என்பது இந்த விளையாட்டின் பேரழகு. ஆனால் ஒருவர் அதற்கான நிலையைப் பக்கம் பக்கமாகத் தேடிக் கணக்கிடும்போது, காவலரை ஆடுபவர் நெடுநேரம் சும்மா அமர்ந்திருக்க நேர்கிறது. வலிமையைப் பங்கிட்ட விதிகள் மேசையில் கழியும் நேரத்தைப் பங்கிடவில்லை. கதை நடத்துபவர்தான் அதைக் கவனித்துச் சரிசெய்ய வேண்டும்.

மந்திரவாதிகளுக்கு இடையிலும் பிளவு தோன்றுகிறது. ஆண்டின் நான்கு பருவங்களையும் நூலகத்திலும் ஆய்வகத்திலும் கழிப்பவர், அடிக்கடி பயணம் போகிறவரைவிட வேகமாக வளர்கிறார். ஒரு சாகசம் தரும் புள்ளிகளைவிட நல்ல நூல் ஒன்று ஒரு பருவத்தில் தருவது கூடுதலாக இருக்கலாம். சில ஆண்டுகளில் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி விரிகிறது. பயணம் போனவருக்கு அரிய நூல்களையும், மந்திர ஆற்றல் உறைந்திருக்கும் பொருளான மந்திரச் சாரத்தையும் முதலில் ஒதுக்கித் தருவது என்று குழு தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

முழுக் கதையையும் ஒரே பாத்திரத்தோடு வாழ விரும்புபவர்களுக்கும், இரண்டு மூன்று பேர் மட்டுமே கூடும் குழுக்களுக்கும் இந்தச் சுழற்சி பொருந்தாது. அவர்களுக்கு, ஈடன் ஸ்டூடியோஸ் 2002-இல் வெளியிட்ட பஃபி த வாம்பயர் ஸ்லேயர் விளையாட்டின் வழி மேலானது. அதில் வலிய நாயகர், ஆட்டத்தின் இடையே செலவிட்டு நிலைமையைத் தமக்குச் சாதகமாக்கும் பத்து நாடகப் புள்ளிகளோடும், எளிய நண்பர் இருபது நாடகப் புள்ளிகளோடும் தொடங்குகிறார்கள். உடல்வலு குறைந்தவருக்குக் கதையின் போக்கைத் திருப்பும் வாய்ப்புகள் கூடுதலாகக் கிடைப்பதால், ஒரே மாலைக்குள் ஈடு கிடைத்துவிடுகிறது.

ஆர்ஸ் மேஜிகாவின் ஈடு ஒரே மாலையில் கிடைப்பதன்று. மாதக்கணக்கில் தொடர்ந்து கூடக்கூடிய, நான்கைந்து பேர் கொண்ட, கதை நடத்தக் குறைந்தது இருவராவது முன்வரும் குழுவுக்கு இந்த நூலைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்கியவர்கள் முதல் கதையிலேயே எல்லாரும் மந்திரவாதியை இறக்காமல், ஒரே ஒரு மந்திரவாதியோடும் மூன்று காவலர்களோடும் தொடங்கிப் பார்க்கட்டும்.