‘மக்கும் பை’ என்று நம்பி வாங்கினேன். உரம் முழுக்க பிளாஸ்டிக்

குப்பைப் பையின் உறையில் ‘100% மக்கும்’ என்று மட்டும் போட்டு, வேறு ஒரு விவரமும் இல்லையென்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். நான் வாங்கினேன். ஒரு வருட உரம் பாழாகிவிட்டது.

வீட்டுக் கழிவை நானே மக்கவைத்துத்தான் செடிகளுக்குப் போடுகிறேன். காய்ந்த இலைகளைச் சேர்த்துவைக்க ஒரு பை தேவைப்பட்டது. பச்சைப் பை, மேலே இலைப் படம், ‘பூமியின் தோழன்’ என்று ஒரு வரி. அந்த நிறுவனத்தின் வலைத்தளத்தில் சுற்றுச்சூழல் பொறுப்பைப் பற்றி நீளமான அறிக்கை வேறு. அதையும் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். இலைகளை நிரப்பிச் சில வாரம் வெயிலில் வைத்திருந்துவிட்டு, மக்கும் பைதானே என்று பையோடு சேர்த்துத் தொட்டியில் போட்டேன்.

ஒவ்வொரு முறை கிளறும்போதும் பை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்திருந்தது. மக்குகிறது என்று சந்தோஷப்பட்டேன். உரம் தயாரானதும் சலித்துப் பார்த்தால், கறுப்பு மண்ணுக்கு நடுவே நகக்கண் அளவு பச்சைச் செதில்கள். ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தேன். மண் போனது, செதில் போகவில்லை. இன்னொன்றில் அச்சடித்த இலையின் காம்பு அப்படியே தெரிந்தது. சல்லடையில் நின்றதே இவ்வளவு என்றால், கண்வழியே கீழே இறங்கியது எவ்வளவோ!

நிறுவனத்துக்கு எழுதினேன். “எங்கள் தயாரிப்பு இயற்கைக்கு உகந்தது” என்று முதலில் பதில் வந்தது. விடாமல் கேட்டதும் மூன்றாவது மடலில் உண்மை வெளியே வந்தது. சாதாரண பாலிதீன்தான், சீக்கிரம் உடைய ஒரு சேர்மானம் கலந்திருக்கிறார்களாம். ‘ஆக்சோ’ வகை என்பார்கள். மாங்கனீசு, இரும்பு, கோபால்ட் போன்ற உலோகங்களின் உப்பைக் கலந்துவிட்டால் வெயிலிலும் சூட்டிலும் பாலிதீன் நொறுங்கும். ஆனால் நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. மக்குவதென்றால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று செரிக்க வேண்டும். இது வெறுமனே பொடியாகி மண்ணில் கலந்துவிடுகிறது, பிறகு பொறுக்கி எடுக்கவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் இந்த வகைப் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவரவே தடை விதித்திருக்கிறது.

சமாதானத்துக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். கூப்பன் வேண்டாம், உறையில் இருக்கும் வார்த்தையை எடுங்கள் என்றேன். அதோடு பதில் நின்றுவிட்டது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். அவ்வளவு பெரிய அறிக்கை எழுதத் தெரிந்தவர்களுக்கு, உறையில் ஒரு வரியை உண்மையாக எழுத முடியவில்லை.

இனி வாங்குகிறவர்கள் தர எண்ணைத் தேடுங்கள். ஐரோப்பாவின் இ.என். 13432 அல்லது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி6400 என்று இருந்தால் அது நிஜமாகவே மக்கும், ஆனால் பெரிய உர ஆலையில். சோதனையே சுமார் 58 டிகிரி சூட்டில்தான் நடக்கிறது. 6 மாதத்துக்குள் பொருளில் உள்ள கார்பனில் 90% கரியமில வாயுவாக மாற வேண்டும் என்பது கணக்கு. வீட்டுத் தொட்டியில் அந்தச் சூடு தொடர்ந்து நிற்காது. சோள மாவிலிருந்து செய்தது என்று விற்கும் பி.எல்.ஏ. வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கும் இதே கதைதான். வீட்டில் போடுவதென்றால் ‘வீட்டு உரத்துக்கு ஏற்றது’ என்று தனியாகச் சான்று வேண்டும், ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 5810 அப்படிப்பட்ட ஒரு தரம். அப்புறம், ‘பசுமையானது’, ‘பூமிக்கு நல்லது’ போன்ற பொத்தாம்பொதுவான வார்த்தைகளைப் போடவே கூடாது என்று, சுற்றுச்சூழல் விளம்பர வாசகங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 14021 சொல்கிறது. அதனால் அவற்றை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உரத்தைச் சாக்கில் கட்டி ஓரமாக வைத்திருக்கிறேன், செடிகளுக்குப் போட மனசு வரவில்லை. உறை, செதில்கள், அந்த மூன்று மடல்கள் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் குறைதீர்ப்பில் புகார் கொடுத்திருக்கிறேன். இலைகளை இப்போது பழைய துணிப்பையில்தான் சேர்க்கிறேன்.