அன்றாட வாசகமா, ஓராண்டில் முழு வேதாகமமா?

தினசரி தியானத்துக்குத் திருப்பலி (கத்தோலிக்க ஆலய வழிபாடு) வாசகங்களைப் பின்பற்றுவதா, வேதாகமத்தை ஆதியாகமம் முதல் வரிசையாகப் படிப்பதா?

அளவு: திருப்பலி வாசகத்தில் வார நாளில் ஒரு முதல் வாசகம், பதிலுரைப் பாடல், நற்செய்தி. பத்து நிமிடம் போதும். வரிசை வாசிப்பில், புரொட்டஸ்டன்ட் வேதாகமத்தின்படி, 66 நூல்கள், 1189 அதிகாரங்கள்; வார நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் ஓராண்டில் முடியும்.

விடுபட்டால்: முன்னதில் இன்றைய வாசகத்தை எடுத்தால் போதும். பின்னதில் மூன்று நாள் தவறினால் ஒன்பது அதிகாரக் கடன். பலர் மூன்றாம் நூலான லேவியராகமத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கடனை அடைக்க ஓட்டமாகப் படித்தால் தியானம் ஏது? விட்டதை விட்டுவிடுங்கள்.

முழுமை: இதில் வரிசை வாசிப்பே மேல். திருப்பலி வாசகத்தில் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி வராது.

குழப்பம்: பொதுக்கால (திருவருகை, கிறிஸ்துமஸ், தவம், பாஸ்கா காலங்கள் தவிர்த்த காலம்) வார நாட்களின் முதல் வாசகம் ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு வேறு, நற்செய்தி மாறாது. போன ஆண்டின் வாசக நாட்காட்டியை வைத்துப் படித்தால் இங்கேதான் தவறும்.

ஜெபப் பழக்கம் இப்போதுதான் தொடங்குகிறதென்றால் திருப்பலி வாசகம். நற்செய்தியில் ஒரு வசனத்தைப் பிடித்து ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். ஞாயிறு பள்ளியில் கற்பிப்பவருக்கு வரிசை வாசிப்பு.