"மிஷனரி வண்டி" என்று நம்பவைத்து விற்றார்கள், 5,840 டாலர் போச்சு

அமெரிக்காவில் யூட்டா பக்கம் செகண்ட் ஹேண்ட் கார் தேடிக்கொண்டிருக்கும் நம்மாட்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் டீலரிடம் போங்கள். "இது சர்ச் மிஷனரிகள் ஓட்டிய வண்டி" என்ற ஒரே பேச்சை வைத்து, சாகக் கிடந்த கியர்பாக்ஸை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். நஷ்டம் 5,840 டாலர். வண்டி விலை தனி, இது அதற்கு மேல் அழுத காசு. கியர்பாக்ஸ் மாற்ற 5,150, வயரிங் கோளாறைத் தேடிப் பிடிக்க 310, பேட்டரி 220, இழுவை வண்டிக்கு 160.

டீலர் பெயரை எழுதவில்லை. சாலையோரம் கலர் கொடி கட்டி, நாற்பது ஐம்பது வண்டிகளை நிறுத்தி, மூலையில் ஒரு டிரெய்லருக்குள் ஆபீஸ் வைத்திருக்கும் ரகம். அந்த ரகம் ஊருக்கு ஊர் இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: மார்மன் சபை தன் இளம் மிஷனரிகளை இரண்டிரண்டு பேராக ஊழியத்துக்கு அனுப்புகிறது. பையன்களுக்கு 2 வருடம், பெண்களுக்கு 18 மாதம். பல இடங்களில் சபையே கார் கொடுக்கிறது, சில வருடம் ஓடியதும் விற்றுவிடுகிறது. அந்த வண்டிகளுக்கு இங்கே நல்ல பெயர். சபை மேல் எந்தக் குறையும் சொல்ல வரவில்லை. கோபமெல்லாம் அந்த நல்ல பெயரை விற்றுக் காசு பார்த்தவன் மேல்தான்.

சேல்ஸ்மேன் பொய்யில் ஆரம்பிக்கவில்லை, அதுதான் அவன் சாமர்த்தியம். ஓட்டியவர்கள் குடிக்க மாட்டார்கள், புகைக்க மாட்டார்கள், காபிகூடத் தொட மாட்டார்கள் என்றான். உண்மை. ரிவர்ஸ் எடுக்கும்போது கூட வந்தவர் இறங்கிப் பின்னால் நின்று வழிகாட்ட வேண்டும் என்பது அவர்கள் விதி என்றான். அதுவும் உண்மை. வேகம் மீறினால் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவி வண்டியில் இருந்தது என்று சொல்லி, முன்கண்ணாடியில் அது ஒட்டியிருந்த பசைத் தடத்தை விரலால் தடவிக் காட்டினான். "இதைவிட என்ன ப்ரூஃப் வேண்டும்?" கதவைத் திறந்து உள்ளே மோந்து பார்க்கச் சொன்னான். சிகரெட் வாடை துளியும் இல்லை. வண்டியின் மேல் நம்பிக்கை வந்தது அந்த நொடியில்தான். சொன்னது ஒவ்வொன்றும் மெய், ஆனால் அதில் ஒன்றுகூட கியர்பாக்ஸைப் பற்றியதில்லை.

பொய் அதற்கப்புறம் வந்தது. "சபையிடமிருந்து நேராக எங்களிடம் வந்தது, ஒரே ஓனர்." ஆதாரமாக வண்டியின் வரலாற்று அறிக்கை என்று ஒரே ஒரு தாளை நீட்டினான். தாளின் அடியில் பொடி எழுத்தில் "பக்கம் 1 / 4". மீதி மூன்று பக்கம் எங்கே? "அதெல்லாம் விளம்பரம்." வின் நம்பரை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டு முழு அறிக்கையை எடுத்தபோது கதை வேறு. முதலில் மிச்சிகனில் நிறுவன வண்டி, பிறகு ஏலம், பிறகு ஒரு தனி ஆள், அவர் ஒரு வருடம்கூட வைத்துக்கொள்ளவில்லை, மறுபடி ஏலம். அந்த ஆள் ஏன் அவ்வளவு சீக்கிரம் கைகழுவினார் என்பது இப்போது நன்றாகவே புரிகிறது.

மிஷனரி வண்டி என்றால் அடிப்படையில் ஃப்ளீட் வண்டி, அதாவது ஒரு அமைப்பு மொத்தமாக வாங்கிப் பலர் கையில் கொடுக்கும் வண்டி. இடமாற்றம் வரும்போதெல்லாம் ஓட்டுபவர் மாறுவார். ஒருவர் பிரேக்கை மெதுவாக மிதிப்பார், அடுத்தவர் வண்டி நிற்பதற்குள் ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குத் தள்ளுவார். மாதத்துக்கு இத்தனை மைல்தான் என்ற வரம்பு பல மிஷன்களில் உண்டு, அதனால் ஓடோமீட்டர் குறைவாகக் காட்டும். ஆனால் அந்த மைல்கள் எப்படிப்பட்டவை? வீட்டுக்கு வீடு நின்று நின்று ஓடிய குட்டிப் பயணங்கள். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்துவிட்டால் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கும். சாதாரண ஓட்டத்தில் 10,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றலாம் என்று போட்டிருக்கும் வண்டிக்கே, இந்த மாதிரி ஓட்டத்துக்கு 5,000 மைல் என்று மேனுவலில் தனியாக எழுதியிருப்பார்கள். மிச்சிகன் பனிக்கால உப்பு வேறு. கீழே படுத்துப் பார்த்தால் சப்ஃப்ரேமும் பிரேக் லைனும் செதில் செதிலாகத் துரு.

இனி கியர்பாக்ஸ். சிவிடி ரகம்: இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே ஒரு இரும்பு பெல்ட், அதை எண்ணெய் அழுத்தம்தான் இறுக்கிப் பிடிக்கும். எண்ணெய் கெட்டால் பிடி தளரும், பெல்ட் வழுக்கும், புல்லி முகத்தில் கீறல் விழும், உதிர்ந்த இரும்புத்தூள் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடியை அடைக்கும், அழுத்தம் இன்னும் குறையும். சூடு ஏறினால்தான் இது வெளியே தெரியும். டெஸ்ட் டிரைவ் என்று சமதளத்தில் ஒரு வட்டம் சுற்றவைத்ததன் ரகசியம் அதுதான். பார்லீஸ் கேன்யன் மலை ஏற்றத்தில் ஐ-80 நெடுஞ்சாலையில் ஏறியதும் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) எகிறியது, வேகம் இறங்கியது, வண்டி உதறியது.

ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டை (பேன்) கழற்றினால் எண்ணெய் புத்தம் புதுசு. ஆனால் பேனுக்குள் இருக்கும் காந்தத்தின் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் இரும்புச் சேறு கெட்டியாக அப்பியிருந்தது. நோய் தெரிந்தே எண்ணெயை மட்டும் மாற்றி, உதறலைக் கொஞ்ச நாளைக்கு அமுக்கியிருக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறுக் குறியீடுகளை (கோடு) படிக்கும் ஸ்கேனர் சொன்னது அதைவிட மோசம். "கோடு அழித்தபின் ஓடிய தூரம்" என்று ஒரு எண் காட்டும். 412 மைல் என்றிருந்தது. விற்பனைத் தாளில் எழுதிய ஓடோமீட்டருக்கும் அன்றைய ஓடோமீட்டருக்கும் வித்தியாசம் 398. அதாவது விற்பதற்கு 14 மைல் முன்னால் எச்சரிக்கைக் கோடுகளைத் துடைத்திருக்கிறார்கள்! பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலும் இந்த எண் பூஜ்யத்துக்குப் போய்விடும், அதனால் எதையும் தொடுவதற்கு முன்பே இதைப் படம் எடுத்துவிட வேண்டும்.

அந்தப் பசைத் தடமும் செலவு வைத்தது. கருவியைப் பிய்த்தவர்கள் டாஷ்போர்டுக்கு அடியில் அதன் ஒயர்களை அப்படியே தொங்கவிட்டு, இணைப்பை டேப் சுற்றி மூடியிருந்தார்கள். நிறுத்திய வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் இழுக்க வேண்டும். இது 420 இழுத்தது. ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-அவர் காலி. பேட்டரி செத்தது.

டீலரிடம் போனால்? முதலில் "சிவிடி என்றால் அப்படித்தான் சார் இருக்கும்." அடுத்து "மேனேஜர் லீவு." சர்வீஸ் ரெக்கார்டு கேட்டால் "அதெல்லாம் சபையிடம்தான் இருக்கும், அங்கே கேளுங்கள்." கோடு அழித்த கணக்கைக் காட்டியதும் "புது பேட்டரி போட்டோம், அதனால் இருக்கும்." செத்துப்போன பேட்டரி புதுசாம்! கடைசியில் மேனேஜரே வந்து, கையெழுத்துப் போட்ட தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி மேசையில் வைத்தார். பையர்ஸ் கைடு. "ஆஸ் ஈஸ் (இருக்கிறபடியே), டீலர் வாரண்டி இல்லை" கட்டத்தில் டிக். விற்பனைக்கு நிற்கும்போதே வண்டியிலேயே கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டிய தாள் அது, மத்திய அரசின் விதி. இங்கே கடன் பத்திரங்களுக்கு நடுவே செருகி வந்தது. அதன்பின் போன் போட்டால் வாய்ஸ் மெயில். 5,840 டாலருக்குக் கிடைத்த பதில் ஒரு பீப் சத்தம்.

மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டீலரின் சொந்த இடத்தில் வாங்கிய வண்டிக்கு அந்தச் சட்டம் செல்லாது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் அவசரத்தில் சில மட்டும்: அறிக்கையின் எல்லாப் பக்கத்தையும் நீங்களே வின் போட்டு எடுங்கள். டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) முந்தைய ஓனர் யார் என்று பாருங்கள், சபை பெயர் இல்லையென்றால் மிஷனரிக் கதையைக் காதில் வாங்காதீர்கள். ஸ்கேனர் போட்டு ரெடினஸ் மானிட்டர்கள் (வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) "முடியவில்லை" என்று வரிசையாக வந்தால் சமீபத்தில் கோடு அழித்த வண்டியாக இருக்கலாம். குறைந்தது முக்கால் மணி நேரம், ஏற்றம் உட்பட, ஓட்டுங்கள். வாயால் சொன்னதைப் பையர்ஸ் கைடிலேயே எழுதி வாங்குங்கள். வெளி மெக்கானிக்கிடம் எடுத்துப்போக விடமாட்டேன் என்றால் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

யூட்டாவில் டீலர் லைசென்ஸைக் கவனிப்பது மாநில வரி ஆணையத்தின் கீழுள்ள மோட்டார் வாகன அமலாக்கப் பிரிவு. 412, 398 கணக்கோடும் காந்தத்தின் படத்தோடும் அங்கே புகார் போயிருக்கிறது. என்ன பதில் வருகிறது என்று எழுதுகிறேன்.